செய்யாத வினை

அண்ணன் கமகானியின் இடது கை,
வலை வீசும் கை,
ஏப்ரலிலிருந்து தோளுக்கு மேல் எழவில்லை.
ஹொனலுலுவில் இரண்டு டாக்டர்கள்
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள்.
நல்ல எலும்புக்கும் பில் வந்தது.

பிறகுதான் அண்ணி உலுவேஹி
படிக்கட்டின் அடியில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள்.
கீ இலையில் சுற்றி
நைலான் நூலால் ஏழு கட்டு.
தொடவில்லை. சுற்றிலும் உப்பை வளையமாகக் கொட்டினாள்.
மொலொகாயில் சேதி மழைக்கு முந்தி வரும்:
மாலைக்குள் பெட்ரோல் பங்கில்
எனக்குச் சில்லறை தந்த பெண்
காசைக் கையில் தராமல் மேசையில் வைத்தாள்.

செய்வினை என்றார்கள்.
செய்தவன் நான் என்றார்கள்.

ஹௌலானி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
சனிக்கிழமை, பேருந்துச் சாவி இடுப்பில் கலகலக்க
வந்து பாயின் நடுவில் உட்கார்ந்தாள்.
பொட்டலம் எங்கே என்று கேட்கவில்லை.
கடல்நீரில் மஞ்சளை நசுக்கிப் போட்டு
எங்கள் தலைகளில் தெளித்தாள்.
குட்டையாக ஒரு வேண்டுதல்.
பிறகு விதி:
ஒருவருக்கொருவர் பேசக் கூடாது.
சொல்வதை என்னிடம் சொல்லுங்கள்,
சூடு என்மேல் படட்டும்.

அண்ணன் அவளிடம் சொன்னான்:
அப்பாவின் படகு மோட்டாரை விற்றுத்தான்
ஆஸ்பத்திரிக்குக் கட்டினேன்.
நான் சுவரைப் பார்த்தபடி அவளிடம் சொன்னேன்:
அப்போது லாஸ் வேகாஸில் காங்கிரீட் கொட்டிக்கொண்டிருந்தேன்.
வாங்கியவன் போட்ட படத்தில்தான் மோட்டாரைப் பார்த்தேன்.
அன்றிலிருந்து போனை எடுக்கவில்லை.

அதற்குக் கீழே என்ன, என்றாள்.

பதினொரு அழைப்புகள்.
கடைசியது அப்பா இறந்ததற்கு.
நான் ஒன்றும் செய்யவில்லை.
வரவில்லை, தூக்கவில்லை, மண் போடவில்லை.

அதற்கும் கீழே?

பொட்டலத்தை நான் வைக்கவில்லை!

நான் கேட்டது அதுவல்ல.
வேண்டினாயா?

வெளியே ஒரு சேவல், கெட்ட நேரத்தில்.

வேண்டினேன்.
வேகாஸின் ஒவ்வொரு ராத்திரியும்
ஏ.சி. இரைச்சலுக்குள் வாயை வைத்து,
விற்பனைச் சீட்டில் கையெழுத்துப் போட்ட கை
விளங்காமல் போகட்டும் என்று.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை.
விதியை மீறாமல் அவளைப் பார்த்து அழுதான்.

கொல்லச் சொல்வதும் பிழைக்கச் சொல்வதும்
ஒரே மூச்சுதான், என்றாள் ஹௌலானி.
முன்பு இரண்டுக்கும் தனித்தனி ஆள் இருந்தார்கள்.
சட்டம் வந்து இருவருக்கும் ஒரே பெயர் வைத்தது;
வைத்தியம் செய்தவர்களும் ஒளிந்துகொண்டார்கள்.
இப்போது ஹோட்டலில் தங்குகிறவர்கள் கேட்கிறார்கள்,
நீ செய்வது மந்திரமா என்று.
என் பேருந்து நேரத்துக்கு வரும் என்று சொல்கிறேன்.

அந்த நேரம் பார்த்துக் கலேயோ
பசியோடு உள்ளே ஓடி வந்தான், ஒன்பது வயது,
கையில் உப்பு ஒட்டிய பொட்டலம்.
என் தூண்டில் இரை! இதை யார் நகர்த்தினது?
அழுகிய கணவாய் நாற்றம் வீடெங்கும்.
உலுவேஹி சிரித்தாள், சிரிப்பு நிற்காமல்
விக்கலாகி, பிறகு வேறொன்றாகியது.

ஹௌலானி சிரிக்கவில்லை.
பையனுக்கு வேறு இரை வாங்கிக் கொடு என்று சொல்லி
பொட்டலத்தை என்னிடம்தான் தந்தாள்,
கடலில் போட்டுவிட்டு வர.
போட்டேன். முட்டிவரை நனைந்து நின்று
என் வாயையும் கழுவினேன்.

திரும்பியபோது கிண்ணத்தில் காலா பாசி இருந்தது.
அவிழ் என்பதற்கும் எங்கள் மொழியில் அதே சொல்.
முள்முள்ளாக, மெல்லக் கஷ்டமாக இருக்கும்.
அண்ணன் கிண்ணத்தை
இடது கையால் என் பக்கம் நீட்டினான்.
நெஞ்சளவு வந்தது. அதற்கு மேல் இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் பிசியோதெரபிக்கு
நான்தான் ஓட்டிப் போகிறேன்.
துறைமுகத்தைத் தாண்டும்போது சில நாள்
அந்த மோட்டார் வெளியே கிளம்பும்.
சத்தம் சரியில்லையே என்பான்.
ஆயில் மாற்றவில்லை, படுபாவி, என்பேன்.